கூஜாவில் இரண்டு தேசம்

அத்தியாயம் 14

ஆடி மூன்றாவது ஞாயிறு. ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலை ஐந்து மணிக்கே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டது. தெரு முழுக்கக் கூழ் ஊற்றும் நாள். பக்தவத்சலம் வீட்டில் மட்டும் ஊற்றப்போவது வேறு.

அந்த வீட்டில் ஆறு மாதமாக ஒரே சண்டை. சின்ன மகள் வித்யா தினமும் ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவள். அதே ரயிலில் திருநின்றவூரிலிருந்து வரும் ஜெரோமைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அப்பா தலையாட்டாமல் தாலியும் இல்லை மோதிரமும் இல்லை என்று ஜெரோமிடமும் சொல்லிவிட்டாள். அப்பாவோ, பெரிய மாப்பிள்ளை வெங்கட் தலையாட்டாமல் தன் தலையை ஆட்டுவதில்லை. வெங்கட்டின் தலை கலிஃபோர்னியாவில் இருந்தது.

இரண்டு வாரமாக அந்தத் தலை லீவில் வந்து மாடி அறையில், ஏசிக்கு நேர் கீழே தங்கியிருக்கிறது. கூடவே, சான் ஹோசேயில் இருந்துகொண்டு பெண் தேடும் வெங்கட்டின் பெரியப்பா மகன் ஒருவனின் புகைப்படமும் வந்திருக்கிறது.

போன வாரம் வெங்கட்டும் ஜெரோமின் அப்பா இருதயராஜும் போனில் பேசிக்கொண்டது மொத்தம் ஒன்பது நிமிடம். இரண்டாவது நிமிடத்திலேயே பேச்சு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒயினுக்குத் தாவிவிட்டது. இருதயராஜ் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸில் பதினெட்டு வருடம் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று கேட்டால், "அங்கதான்" என்று கையை வீசுவார். அந்த வீச்சில் ஒரு மாளிகை தெரியும். மேற்கொண்டு கேட்க யாருக்கும் தைரியம் வராது. வெங்கட்டோ நாலு வருடமாக வாரக் கடைசிகளில் ஒயின் தோட்டங்கள் நிறைந்த நாப்பா பள்ளத்தாக்குக்குப் போய்க் கோப்பையைச் சுழற்றக் கற்றுக்கொண்டவன். இப்போதெல்லாம் மோரைக்கூடச் சுழற்றி முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறான்.

"கலிஃபோர்னியா ஒயினா? அது திராட்சைக்குப் பவுடர் போட்டு மேடை ஏத்தினது முசியே" என்றார் இருதயராஜ். யாரையும் ‘ஐயா’ என்று தமிழில் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"உங்க பிரெஞ்சுக்காரங்க விக்கறது ஒயின் இல்ல அங்கிள், லேபிள்" என்றான் வெங்கட்.

ஒன்பதாவது நிமிடத்தில் பந்தயம் முடிவானது. இரண்டு பாட்டில், இரண்டுக்கும் முகமூடி. எது பிரான்ஸ், எது கலிஃபோர்னியா என்று இருதயராஜ் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வெங்கட்டே முன்னால் நின்று ஜெரோம்–வித்யா கல்யாணத்தை நடத்தி வைப்பான். தவறினால், "அது டூப்ளிகேட் ஃபேமிலி மாமா. வித்யாவுக்கு சான் ஹோசேதான்" என்றான் வெங்கட் மாமனாரிடம்.

பக்தவத்சலம் தலையாட்டினார். பதினொரு வருடப் பழக்கம்.

"என் கல்யாணத்தைக் கொண்டுபோய் ஒருத்தர் நாக்குல கட்டித் தொங்கவிட்டிருக்கீங்களேப்பா" என்று வித்யா கத்திப் பார்த்தாள். ஜெரோம் மட்டும் தைரியமாக இருந்தான். "எங்கப்பா தினம் ஒரு கிளாஸ் குடிக்கறவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிடுவார்" என்று சனிக்கிழமை ரயிலில் அப்பாவின் பாட்டிலைக் கொடுத்தான். வித்யா அதைக் கைப்பையில், தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆவடி வரை பிரான்ஸை மடியில் சுமந்து வந்தாள்.

அந்தப் பாட்டிலுக்கும், வெங்கட் பெட்டியில் கொண்டுவந்த கலிஃபோர்னியா பாட்டிலுக்கும் அக்கா லாவண்யா சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றினாள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டாள். எந்த எண் எந்த தேசம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வீட்டில் கிடைத்த மொய்க் கவரில் போட்டு ஒட்டி, டிவிக்குப் பின்னால் செருகினாள். கவரின் மூலையில் மஞ்சள் இருந்தது. அதுதான் அந்தப் பந்தயத்தில் இருந்த ஒரே மங்கலம்.

*

பத்து மணிக்கு வெங்கட் இரண்டு பாட்டிலையும் திறந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். தக்கைகளைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தக்கை சேர்ப்பது அவன் வழக்கம்.

"அத்தை, இதை யாரும் தொடாதீங்க. ரெண்டு மணி நேரம் மூச்சு விடணும்."

"எது மூச்சு விடணும்?" என்றாள் வித்யாவின் அம்மா பார்வதம்.

"ஒயின்."

பார்வதம் மேசையைப் பார்த்தாள். பிறகு பூஜை அலமாரியைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் ஏழடி இருந்தால் அதிகம். "ஆடி மாசத்துல சம்பந்தம் பேசறதே தப்பு. கூழு ஊத்தற அன்னிக்கு நடு ஊட்ல சாராயத்தைத் தொறந்து வச்சிகினு, அது மூச்சு வேற வுடுதாம்."

"சாராயம் இல்ல அத்தை" என்று வெங்கட் கண்ணை மூடித் திறந்தான். "உங்களுக்குப் புரிய வைக்க முடியாது." சொல்லிவிட்டு மாடிக்குக் குளிக்கப் போனான். லாவண்யா சீஸ் வாங்க அம்பத்தூர் போயிருந்தாள். பக்தவத்சலம் சட்டை இஸ்திரி வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தார்.

வித்யா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கீழே கேட் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து அந்தத் தெருவே பயப்படும் குரல்.

"பார்வதக்கா! கூழு கொண்டாந்துகீறேன். பாத்திரம் எட்து வை!"

பக்கத்து வீட்டுச் சாவித்திரி. கூழ் ஊற்றும் கமிட்டியின் தலைவி. காப்புக் கட்டிய கையோடு வருகிறவள். அவள் கண்ணில் படுவது ஆவடி வரைக்கும் தெரிந்துவிடும். காதில் விழுவது பூந்தமல்லி வரைக்கும் போகும்.

வித்யா நான்கு நான்கு படியாக இறங்கி ஓடிவந்தாள். அவள் சமையலறையை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பார்வதம் ஒன்றும் யோசிக்காமல் செய்யவில்லை. நிறைய யோசித்துத்தான் செய்திருந்தாள். பாட்டில்களை நிற்க வைத்தால் எந்த அலமாரியிலும் கழுத்து இடித்தது. படுக்க வைக்கத் தக்கை இல்லை. ஆகவே, பெரிய எவர்சில்வர் கூஜாவை எடுத்து, முதல் பாட்டிலை அதில் கவிழ்த்துவிட்டாள். வித்யா வாயைத் திறந்த நேரத்தில் இரண்டாவது பாட்டிலின் கடைசிச் சொட்டும் அதே கூஜாவுக்குள் விழுந்தது.

"அம்மா! ரெண்டையும் ஒண்ணாவா?"

"கத்தாதடி. ரெண்டும் திராட்சைதான? அந்தப் பாட்டிலுங்கள அரிசி டிரம்முல சொருவு!"

வித்யா செருகினாள். வேறு என்ன செய்ய? கூஜாவின் மூடியைத் திருகி முடிக்கவும் சாவித்திரி சமையலறை வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

"இன்னாக்கா, கூஜால இன்னா வச்சிகீற? பானகமா?"

"கஷாயம்" என்றாள் பார்வதம் மூச்சு வாங்காமல். "பெரிய மாப்பிள்ளைக்கு வவுறு சரியில்ல."

"அடப் பாவமே. எத்தினி தபா போச்சு?"

பார்வதம் வித்யாவைப் பார்த்தாள். வித்யா கூரையைப் பார்த்தாள்.

"ஆறு" என்றாள் பார்வதம்.

சாவித்திரி கூழை ஊற்றினாள், கருவாட்டுக் குழம்பைக் கொடுத்தாள், அமெரிக்கத் தண்ணீர் குடித்தவர்களின் வயிறு இந்த ஊருக்கு ஏன் ஒத்துவராது என்று கால் மணி நேரம் விளக்கினாள், கிளம்பினாள்.

அவள் கேட்டைச் சாத்தியதும் பார்வதம் நல்லெண்ணெய் ஊற்றுகிற புனலை எடுத்துப் பாட்டில் வாயில் செருகினாள்.

"இது எண்ணெய்ப் புனலும்மா!"

"வேற புனலு ஊட்ல இல்ல."

கூஜாவிலிருந்து ஒன்றுக்குப் பாதி, இரண்டுக்குப் பாதி. வித்யா முகர்ந்து பார்த்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மசாலாப் பொடிக் கம்பெனியில் ருசி பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரே சாம்பார் பொடியில் போன வாரத்து மல்லிக்கும் இந்த வாரத்து மல்லிக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள். அவள் மூக்குக்கு இரண்டு பாட்டிலும் ஒரே வீடு. மேலே லேசாக நல்லெண்ணெய்.

"இப்ப அவரு எதைம்மா கண்டுபிடிப்பாரு?"

"எதையாவது சொல்லுவாரு. ரெண்டுல ஒண்ணு" என்றாள் பார்வதம். "நீ வாயத் தொறந்த, உன் கல்யாணம் போச்சு. என் மானமும் போச்சு."

வித்யா பாட்டில்களை மேசையில் திருப்பி வைத்தாள். அப்பாவும் அக்காவும் வந்து சேர்ந்த கையோடு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கூஜாவில் இன்னும் ஒன்றரை டம்ளர் மிச்சம். பார்வதம் அதை மூடி அடுப்புக்குக் கீழே தள்ளினாள்.

பாதிக்குப் பாதி என்று வித்யா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். காசைச் சுண்டிப் போட்டு முடிவாகப்போகிற கல்யாணம்.

*

ஆவடியின் ஆடி மாதப் புழுக்கத்தில் இருதயராஜ் கோட்டும் கழுத்தில் பட்டுத் துணியுமாக வந்து இறங்கினார். கோட்டின் முதுகில் வியர்வை ஒரு தேசப்படம் வரைந்திருந்தது. எந்த தேசம் என்று தெரியவில்லை.

"போன்ழூர்" என்று பொதுவாகப் பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்.

"வாங்க, வாங்க" என்றார் பக்தவத்சலம். இஸ்திரிச் சட்டை மொடமொடவென்று நின்றது. "ஜெரோம் தம்பி வரலியா?"

"பெரியவங்க பேசற இடத்துல அவன் எதுக்கு? வீட்டுலயே இருன்னு உத்தரவு போட்டுட்டேன்." உட்கார்ந்தார். அம்மன் கோயில் ஒலிபெருக்கியைக் காதால் சுட்டிக்காட்டினார். "இந்தச் சத்தத்துல ஒயின் ருசிக்கறதா? பாரிஸ்ல இதுக்குப் போலீசைக் கூப்பிடுவாங்க."

"ஏன் அங்கிள், இப்பவே சாக்கு தேடறீங்களா?" என்றபடி வெங்கட் இறங்கி வந்தான்.

அமெரிக்காவிலிருந்து ஆறு கண்ணாடிக் கோப்பைகள் கிளம்பின. விமானப் பெட்டியில் உயிர் பிழைத்தவை நான்கு. இருதயராஜுக்கு இரண்டு, வெங்கட்டுக்கு இரண்டு. பக்தவத்சலத்துக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர்.

"மாமா, நீங்கதான் நியூட்ரல் அம்பயர். சும்மா டேஸ்ட் பண்ணுங்க."

பெண்களுக்குக் கோப்பை இல்லை. கலிஃபோர்னியாவில் பெண்களும் சரிசமமாக உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள் என்று வெங்கட் பெருமையாகச் சொன்னான். சொல்லும்போது லாவண்யா சீஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

இருதயராஜ் ஒன்றாம் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கினார். சாய்த்தார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு மடக்கு எடுத்து, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, சாமி வருகிறவர் மாதிரி கண்ணை மூடினார். இரண்டாம் கோப்பைக்கும் அதே சடங்கு.

வித்யா சமையலறைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முதல் கோப்பை..." என்றார் இருதயராஜ். "சத்தம். வெறும் சத்தம். விளம்பரம். சின்னப் பையன் பெரிய செருப்பு போட்டுக்கிட்டு நடக்கற மாதிரி. இது கலிஃபோர்னியா." இரண்டாம் கோப்பையைத் தொட்டபோது குரல் தழுதழுத்தது. "இது மண் முசியே. எங்க மண். இதுக்கு அடியில எள்ளு மாதிரி ஒண்ணு வருது பாருங்க, அது நூறு வருஷப் பீப்பா. ஓக் மரம். இதுதான் பிரான்ஸ்."

"எங்க மண்ணா?" வெங்கட் சிரித்தான். "நீங்க புதுச்சேரி வில்லியனூர்தானே அங்கிள்?"

"நீ ஆவடியில பொண்ணு எடுத்தவன்தானே தம்பி?"

வெங்கட் இரண்டு கோப்பையையும் மூன்று மூன்று தடவை சுழற்றினான். "தப்பு. அங்கிள் சொன்னது டோட்டலி ராங். ஒண்ணுதான் பிரெஞ்சு. டல்லா, வயசான மாதிரி இருக்கு. ரெண்டுலதான் சன்ஷைன் இருக்கு. டார்க் செர்ரி, லெதர், கடைசியில ஒரு நட் ஃபிளேவர். இது கலிஃபோர்னியா. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

"கண்ணை மூடித்தான் சொல்ற. அதான் கோளாறு."

பக்தவத்சலம் இதற்குள் ஒன்றாம் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்திருந்தார். பிறகு இரண்டாம் டம்ளரிலிருந்து. மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. முப்பத்து நாலு வருடம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பகுதியில் இருந்தவர். இரண்டு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்தால், அளவுகோல் வைப்பதற்கு முன்பே விரலால் தடவி எது தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். பிறகு அளவுகோல் வைத்தால் அதுதான் வரும்.

"மாப்பிள்ள" என்றார் தயக்கமாக. "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

ஒலிபெருக்கிகூட மூச்சு வாங்கியது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"மாமா, ப்ளீஸ்!"

"நல்லெண்ண வாசன வேற வருது" என்றார் பக்தவத்சலம். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "வித்தியாசம் இருந்தா சொல்லிடுவேன். இல்லாததுக்கு நான் இன்னா பண்றது?"

"மோன் தியூ, கடவுளே" என்று இருதயராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கவரை எடுங்க."

லாவண்யா டிவிக்குப் பின்னாலிருந்து மொய்க் கவரை எடுத்தாள். வித்யா தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் பார்வதம் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதில் இருதயராஜின் சாமியும் இருந்தது.

"ஒண்ணு... கலிஃபோர்னியா" என்று லாவண்யா படித்தாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல் மிச்சத்தையும் படித்தாள். "ரெண்டு, பிரான்ஸ்."

*

வித்யா ஜெயித்துவிட்டாள்.

அப்படியே கதவில் சாய்ந்தாள். ஆறு மாதச் சண்டை முடிந்தது. பார்வதம் அவள் முதுகில் கிள்ளி, "வாய மூடிகினு இரு" என்றாள். இரு என்று சொல்லத் தேவையே இல்லை.

வெங்கட் கவரை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். மேல்முறையீடு செய்ய இடமில்லை. "ஃபைன்" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்கு அரை நிமிடம் ஆனது.

இருதயராஜ் கோட்டின் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் விரிந்தார். வந்தபோது ஒரு நாற்காலிக்குள் அடங்கியவர்தான்.

"ஆக, சம்பந்தி! கல்யாணம் புதுச்சேரியில. பாரிஸ்லேர்ந்து என் ஜனங்க வருவாங்க. மேசை போட்டு ஒயின் ஊத்துவோம். அது எங்க பழக்கம். நீங்க ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அவ்ளோதான். பெரிய மாப்பிள்ளை இருக்காரே, தோத்தாலும் நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சவர். பெண்ணோட அப்பா இடத்துல அவர் நிக்கட்டும். நீங்க பின்னாடி, சாப்பாட்டுப் பக்கம் எங்கயாவது இருங்க." குரலை இழுத்து, உதட்டைக் கோணினார். "‘ரெண்டும் ஒண்ணாத்தான் கீது’ன்னு அங்க வந்து சொன்னீங்கன்னா நான் தலையை எங்க வச்சிக்கறது?"

வெங்கட் வாய்விட்டுச் சிரித்தான். தோற்றதிலிருந்து அவன் தேடிக்கொண்டிருந்த இடம் அது. "‘நல்லெண்ண வாசன’ அங்கிள், அதை விட்டுட்டீங்க! மாமா, டோன்ட் மைண்ட். ஆனா அங்கிள் சொல்றது கரெக்ட். அது ரசம் குடிச்ச நாக்கு. உங்க மேல தப்பு இல்ல."

பக்தவத்சலம் இரண்டு டம்ளரையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மேசை ஓரத்தில் வைத்தார். தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சமையலறைக் கதவில் நின்ற மகளை ஒரு தடவை பார்த்தார்.

"சரிங்க" என்றார். "நமக்கு இன்னா தெரியும்?"

இந்த மனிதர் முப்பத்து நாலு வருடத்தில் சரியில்லாத ஒரு துண்டைச் சரி என்று கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காகவே அவருக்குப் பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது என்று வித்யாவுக்குத் தெரியும். இன்று போட்டுவிட்டார். அவளுக்காக.

வித்யா தாழ்ப்பாளை விட்டாள்.

"வேணாம்டி" என்றாள் பார்வதம், மகள் குனிவதைப் பார்த்து. "வேணாம், வேணாம்."

வித்யா அடுப்புக்குக் கீழிருந்து கூஜாவை எடுத்துக்கொண்டு போய் மேசையின் நடுவில் வைத்தாள். நான்கு கோப்பையையும் அலசி, இரண்டில் மட்டும் கொஞ்சம் ஊற்றினாள். மீதியை அப்பாவின் டம்ளரில் ஊற்றினாள்.

"என்னது இது?" என்றான் வெங்கட்.

"மூணாவது ஒண்ணு இருக்கு மாமா. நாக்கு இருக்கறவங்க சொல்லுங்க. இது எந்த ஊரு?"

ஜெயித்தவருக்கு இன்னொரு வெற்றி கசக்குமா? தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு கசக்குமா? இரண்டு பேரும் சுழற்றினார்கள்.

வெங்கட்டுக்கு ஒரு மடக்கு போதுமாக இருந்தது. "லோக்கல். வெரி சீப். நாசிக் பக்கம் ஏதோ. பாடி, கனம், ஒண்ணுமே இல்ல."

"புளிச்ச தண்ணி" என்று இருதயராஜ் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இந்த விஷயத்துல தம்பி சொல்றது சரி. இதை அந்த ரெண்டு பாட்டில் இருக்கற அறையிலகூட வைக்கக் கூடாது. யார் வாங்கினது?"

"நீ சொல்லுப்பா" என்றாள் வித்யா.

பக்தவத்சலம் குடித்தார். மகளைப் பார்த்தார். கூஜாவைப் பார்த்தார். பிறகு, கதவுக்குப் பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். முப்பத்து நாலு வருடம் குற்றவாளித் துண்டைக் கண்டுபிடித்த கண்.

"இதுவும் அதேதான்" என்றார் மெதுவாக.

"அதேதான்" என்றாள் வித்யா. "காலையில சாவித்திரியக்கா வந்தாங்க. அம்மா பயந்துகிட்டு ரெண்டு பாட்டிலையும் இந்தக் கூஜாவுல ஊத்திட்டாங்க. அப்புறம் எண்ணெய்ப் புனலை வச்சுத் திருப்பி ஊத்தினாங்க. நீங்க குடிச்சது எல்லாமே இதுதான். ஒண்ணும் இதுதான், ரெண்டும் இதுதான். அந்த நூறு வருஷப் பீப்பா எங்க வீட்டு நல்லெண்ணெய் அங்கிள். இந்த ரூம்ல ஒருத்தருக்குத்தான் நாக்கு இருக்கு. அவரைத்தான் பின்னாடி போய் நிக்கச் சொன்னீங்க."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாவித்திரியின் குரல், கமிட்டிக்கே உரிய கணீரில் வந்தது: "பார்வதக்கா! மாப்பிள்ளைக்கு வவுறு நின்னுச்சா? ஓமம் கொண்டாரட்டா?"

வெங்கட் கோப்பையை டொக்கென்று மேசையில் வைத்தான்.

"அத்தை" என்றான் வெங்கட். "உங்களுக்குக் கொஞ்சமாவது... எதை எதோட கலக்கறதுன்னு... அதோட வேல்யூ தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்ச நீங்களே கண்டுபுடிக்கலியே மாப்பிள்ள" என்றாள் பார்வதம். பயம் போய்விட்டது. அவமானப்பட வேண்டியது இனி ஒன்றும் பாக்கியில்லை.

இருதயராஜ் எழுந்தார். கோட்டின் பொத்தான் மாட்ட மறுத்தது. "முசியே வெங்கட். இது திட்டமிட்ட சதி. நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சு அவமானம் பண்ணியிருக்காங்க."

"எக்ஸாக்ட்லி அங்கிள்."

அன்று காலையிலிருந்து பிரான்சும் கலிஃபோர்னியாவும் ஒத்துப்போன விஷயங்கள் மொத்தம் மூன்று: பக்தவத்சலத்தின் நாக்கு, கூஜாவின் புளிப்பு, இது.

"எண்ணெயைக் கலந்து குடுக்கற வீட்டுல என் பையன் பொண்ணு எடுக்க மாட்டான். இதை ஜெரோம் வாயாலயே சொல்ல வைக்கறேன்."

"நானே உங்களை வீட்டுல டிராப் பண்றேன் அங்கிள். வண்டி வெளியதான் நிக்குது."

வாடகைக் காரின் கதவுகள் சேர்ந்தாற்போல் அறைந்து சாத்திக்கொண்டன. லாவண்யா சீஸ் தட்டை அப்படியே போட்டுவிட்டு, "எங்க மானத்தையே வாங்கிட்ட வித்தி" என்று மாடி ஏறிப் போனாள்.

*

"வாய மூடிகினு இருந்திருந்தா தையில கல்யாணம்" என்றாள் பார்வதம். கூழைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

பக்தவத்சலம் மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். "ஜெயிச்சிட்ட இல்ல. இன்னாத்துக்கும்மா சொன்ன?"

"நீ ‘சரிங்க’ன்னு சொன்னியேப்பா. அதுக்குத்தான்."

அவர் சட்டையின் இஸ்திரி மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

மேசைமேல் வித்யாவின் போன் அதிர்ந்தது. ஜெரோம். அவள் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அப்பாவின் உத்தரவு அதற்குள் மகனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா?

ஆறு மாதமாக அந்தப் பெயரை ஒரு தடவைக்கு மேல் உச்சரிக்காத பக்தவத்சலம் போனை எடுத்தார். ஒலிபெருக்கி மாதிரி பேசினால்தான் போனில் கேட்கும் என்று நம்புகிறவர்.

"தம்பி, நான் வித்யா அப்பா பேசறேன். உங்கப்பா கோச்சிகினு கெளம்பிட்டாரு. எங்க பெரிய மாப்பிள்ளையும் கெளம்பிட்டாரு. இனி யாரு தலையையும் நான் பாக்கறதா இல்ல. உனக்கு இஷ்டம்னா இப்பவே கெளம்பி எங்க ஊட்டுக்கு வா. பாட்டிலு கீட்டிலு ஒண்ணும் எட்துகினு வராத. கூழு கீது."

மறுமுனையில் பேசியது ஜெரோமின் குரல் இல்லை.

"மாமா. வெங்கட் பேசறேன்." நிதானமாக வந்தது குரல். "ஜெரோம் உத்தரவை மீறிட்டு உங்க தெருமுனையில கூழ் வரிசையில நின்னுக்கிட்டிருந்தான். வண்டியில ஏத்திட்டோம். அவன் வாயாலயே முடிச்சு வைக்கத்தான் இந்த போன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நீங்க சொன்னதை அவன் கேட்டான். அவன் அப்பாவும் கேட்டாரு."

பார்வதம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் பக்தவத்சலம். "ரெண்டு தபா சொல்ல வேணாம். தம்பி பேசட்டும்."

ஜெரோம் வாய் திறப்பதற்குள், கூழ் வாங்காதவர்கள் சீக்கிரம் வரவும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அதே அறிவிப்பு, அதே நொடியில், போனுக்குள்ளும் கேட்டது. வித்யா நிமிர்ந்தாள். கார் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை.

போனில் இருதயராஜ் ஜெரோமின் பெயரைச் சொல்லி ஏதோ பிரெஞ்சில் கத்தினார். அதற்கு மேலே கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சாத்தும் சத்தம் கேட்கவில்லை.